துவைகல்லுக்கு அடியில் இருந்தது

அழகுத்தாய் குளியலறைக்குள் குத்தவைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது முன்கட்டில் தறிகள் நின்றுபோயின. கரண்ட் போய்விட்டது. நாலு தறியும் ஒரே மூச்சில் வாயை மூடிக்கொள்ள, அதுவரை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த அவளுடைய முனகல் தெருவரைக்கும் கேட்டுவிடும்போல் ஆனது. முந்தானையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே மாமியார் பாலம்மாள் நின்றிருந்தாள்.

"ஏட்டி, ரத்தம் நின்னுச்சா?"

"நிக்கல அத்தை."

"நான் அப்பமே சொன்னேன்."

எப்போது என்ன சொன்னாள் என்று திருப்பிக் கேட்க அழகுத்தாய்க்கு இன்றைக்குத் தெம்பில்லை. மற்ற நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். உண்டாகி இரண்டரை மாதம். கல்யாணமான பிறகு முதல் தடவை. நேற்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸில் வந்து ராஜபாளையத்தில் இறங்கும்போதே பாவாடையில் ஒரு பொட்டு ரத்தம். ராத்திரி படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். விடிந்ததும் இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்கு ஒரு கயிறு கட்டி யாரோ இழுத்து விடுவதும் இறுக்குவதுமாக இருந்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அது ஒன்றுதான் நல்லது.

கயிறு இன்னொரு தடவை இறுகியது. பிறகு சட்டென்று அவிழ்ந்துவிட்டது. வழுவழுவென்று ஏதோ ஒன்று அவளிடமிருந்து நழுவி, கீழே மடித்துப் போட்டிருந்த பேண்டேஜ் துணியில் விழுந்தது. அந்தத் துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமே கிடையாது. நாலு தறியும் ராத்திரி பகலாக நெய்வது ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணிதான்.

வலி நின்றதும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு அழுகையாக இருக்கவில்லை. என்னதான் அது, பார்ப்போம் என்றுதான் இருந்தது. குனிந்து கையை நீட்டினாள். அதற்குள் கதவு தள்ளித் திறந்தது.

"பாக்காத! கண்ண மூடுட்டி!"

பாலம்மாள் துணியோடு சேர்த்து அதை அள்ளிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள். அழகுத்தாய் நீட்டின கை நீட்டினபடி உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் கடப்பாரை மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது.

அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புதுத்துணி வைத்துக் கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வேலை முடிந்திருந்தது. பாலம்மாள் துவைகல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பழைய இடத்திலேயே உட்காரவைத்து, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நாய் தோண்டாமல் இருக்கக் கல். காத்து கருப்பு அண்டாமல் இருக்க வேப்பங்குழை.

"என்ன அத்தை பண்ணுனீக?"

"பண்ண வேண்டியத."

"டாக்டரம்மா கொண்டாரச் சொன்னாங்கள்ல? உங்கள வச்சிட்டுத்தான சொன்னாங்க?"

சொன்னது உண்மை. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஞானபாக்கியம் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, உண்டாகியிருக்கிறாய் என்று சொன்னதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். ரத்தம் பட்டால் பயப்படாதே. கட்டி எதுவும் விழுந்தால் தூரப் போட்டுவிடாமல் எடுத்து வா. முழுதாக வந்துவிட்டதா உள்ளே மிச்சம் நிற்கிறதா என்று அதைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும் என்று. வயிற்றுக்குள் படம் பிடித்துப் பார்க்கிற மிஷினுக்கு அப்போதெல்லாம் மதுரைக்குத்தான் போக வேண்டும்.

"தலைச்சன்டி இது," என்றாள் பாலம்மாள், குரலைத் தாழ்த்தி. "மொத உருப்படி. நாலு முக்கு ரோட்டத் தாண்டித் தூக்கிட்டுப் போயி, எவனாவது மை வைக்கிற மந்திரவாதி கையில மாட்டுச்சுன்னா? எங்க மாமியா காலத்துலேர்ந்து இந்த வீட்டுல வீட்டுக்குள்ளதான் வைக்கது. பெத்தவ பாக்கவும் கூடாது. பாத்தா மொகம் வயித்துல ஒட்டிக்கிடும். அடுத்ததும் அதே வழியில போயிரும்."

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மஞ்சள் தண்ணீர் வாசம் போதும்.

"பப்பாளிப் பழம் தின்னுருப்பா."

"பப்பாளி இல்லட்டி, பஸ்ஸு," என்றாள் பாலம்மாள். "தெனம் போக வர அந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல குலுங்கிக்கிட்டுப் போனா எது தங்கும்? குடத்துத் தண்ணியே தங்காது."

கரண்ட் போனதால் வேலையற்றுப்போன காசிராஜன், தலைமயிரிலும் மீசையிலும் பஞ்சுத் தூசி அப்பியிருக்க, கொல்லை வாசலில் வந்து நின்றான். மனைவியைப் பார்த்தான், துவைகல்லைப் பார்த்தான். அவன் முகம் கோணியது. நல்லவன்தான். ஆனால் இரண்டு பெண்கள் பேசுகிற இடத்தில் எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கமாக நின்றுகொள்கிறவன்.

"அம்மா சொல்லுததும் நியாயந்தான அழகு. இந்த மாசத்தோட வேலைய விட்டுரேன். உடம்பு தேறட்டும். பொறவு பாத்துக்கிடுவோம்."

பொறவு. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அழகுத்தாய்க்குத் தெரியும். அவளோடு காலேஜில் படித்து, பொறவு பாத்துக்கிடுவோம் என்று வீட்டில் உட்காரவைக்கப்பட்டவர்கள் எல்லாம் இப்போது முறுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அறிவியல் டீச்சர். அப்பா சோலைச்சாமி சோழபுரத்தில் கரும்பு வெட்டப் போகிறவர். அந்த வம்சத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கறுப்பு அங்கியை வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்ற முதல் ஆளும் அவள்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பித் தட்டை நீட்டின கையோடு, "நான் வேலைக்குப் போவேன்" என்று சொன்னவள். சொன்னபோது எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"பஸ்ஸுதான்னு யாரு பாத்தா?" என்றாள்.

"இதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள் பாலம்மாள்.

அதுதான் அழகுத்தாயைச் சுட்டது. பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அதையே நினைத்தாள். பஸ் என்கிறாள் ஒருத்தி, பப்பாளி என்கிறாள் ஒருத்தி. சாயங்காலத்துக்குள் கிரகணம், மாடிப்படி, நெற்றியில் ஒட்டுப்பொட்டு என்று தெருவே கூடி ஆளுக்கொன்று சொல்லும். அவளுடைய வயிற்றிலிருந்து வந்ததை, வந்த இடத்துக்கு உரியவளே பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை வைத்து அவளுடைய வேலைக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உண்மையிலேயே பஸ்தான் காரணம் என்றால்? என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வயிறெரிந்தாலும் ஒத்துக்கொள்வாள். ஆனால் ஒருவராவது பார்க்க வேண்டாமா?

பார்ப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும் என்பதுதான் இன்னும் கொடுமை. காலேஜில் விலங்கியல் செய்முறைத் தேர்வுக்கு அடைகாத்த முட்டைகளைக் கொடுப்பார்கள். ஓட்டில் வட்டமாகச் சன்னல் வெட்டி, உள்ளே துடிக்கிற கடுகளவுச் சிவப்பை வெட்டியெடுத்து, உப்புத்தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். வெறும் தண்ணீரில் விட்டால் ஊதிக் குழைந்துவிடும். உப்புத்தண்ணீரில் விட்டால் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, கண் இது, இதயம் இது, வாலாகப் போவது இது என்று தானாகக் காட்டிக்கொடுக்கும். அவளுடைய கை நடுங்காது. லெக்சரரே அதைச் சொல்லியிருக்கிறார். கோழிக்குஞ்சைப் பார்க்கலாம், தவளையைப் பார்க்கலாம், கரப்பான்பூச்சியின் எச்சில் சுரப்பியைக்கூட உரித்துப் பார்க்கலாம். தன்னுடையதை மட்டும் பார்க்கக் கூடாதாம்.

கரண்ட் வந்தது. தறிகள் பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தில் அவள் எழுந்தாள்.

கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கியதும் தலை சுற்றியது. கொஞ்சம் நின்று, முனையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, உடம்பின் பாரத்தை அதன் மேல் போட்டாள். கல் ஒரு விரற்கடை எழும்பியது. அடிவயிற்றில் சுரீர் என்றது.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணுத!"

பாலம்மாள் ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்க அத்தை. என்னோடது. நான் பாக்கணும்."

"பைத்தியமாட்டி ஒனக்கு? பச்சை உடம்போட கல்லப் பொரட்டுத?"

"பஸ்ஸுன்னு நீங்கதான சொல்லுதீக? பஸ்ஸு குலுக்கி விழுந்துதுன்னா, விழுந்தது நல்லபடியா வளந்ததா இருக்கணும். இந்த மாசத்துக்கு ஒரு நெலக்கடலை அளவுக்காவது உருவு இருக்கும். தலை தெரியும். கை கால் மொட்டு மொட்டாத் தெரியும். அப்படி இருந்துச்சுன்னா பஸ்ஸுன்னே வச்சிக்கிடுதேன். திங்கக்கிழமை நானே போயி வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன். உங்க காலத் தொட்டுச் சொல்லுதேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா பஸ்ஸு கெடையாது. நான் போவேன். நீங்க மறிக்கக் கூடாது."

பாலம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். சந்தைக் கோழியைத் தூக்கி எடை பார்க்கிறவளைப் போல ஒரு பார்வை. தான்தான் ஜெயிப்போம் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கடப்பாரையை விடவில்லை. பிறகு குரல் மாறிக் கேட்டாள்:

"கை காலெல்லாம் நெசமாவே தெரியுமா? இம்புட்டு நாளுலயேவா?"

"தெரியும் அத்தை."

"ஆணு பொண்ணு?"

"அது தெரியாது. அதுக்கு இன்னும் நாளாகணும்."

"எங்க மாமியா சொன்னாளே," என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ தள்ளு. நான் நெம்புதேன்."

பேண்டேஜ் துணிச் சுருள் மண்ணும் மஞ்சளுமாக வெளியே வந்தது. பாலம்மாள் அதை ஒரு வேப்பிலைக் கொத்தின் மேல் வைத்துக்கொண்டு, "சோத்துத் தட்டு எதையும் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். அழகுத்தாய் அலமாரியிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கு ஸ்கூல் டீச்சர்கள் கொடுத்தது. பழம் வைக்கவென்று கொடுத்தது. அந்த வீட்டில் பழத்தை யாரும் கிண்ணத்தில் வைத்துத் தின்பதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை உப்பு. நாக்கில் விட்டுப் பார்த்தாள். கண்ணீரளவுக்குக் கரித்தது. சரி.

அடுப்படிச் சன்னலுக்குக் கீழே, வெளிச்சம் விழுகிற இடத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டுத் துணியைப் பிரித்தாள். பாலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதி மட்டும்.

முதலில் ரத்தக் கட்டிகள். ஈரல் துண்டு மாதிரி கறுப்பாக, தொட்டால் உடைகிறவை. அவற்றைக் கழுவிவிட்டாள். கழுவக் கழுவ, நடுவில் ஒன்று மட்டும் உடையாமல் நின்றது. சாம்பல் வெள்ளையில், நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதை இரண்டு விரலால் தாங்கி உப்புத்தண்ணீருக்குள் இறக்கினாள்.

அது விரிந்தது.

ஒரு பக்கம் முழுக்க நூல் நூலாக, கிணற்றுச் சுவரில் தண்ணீருக்கு அடியில் அசைகிற பாசியைப் போல, வெள்ளையாக விரிந்து மெல்ல அசைந்தது. அழகுத்தாய் மூச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். புத்தகத்தில் இதற்குப் படம் உண்டு. கறுப்பு மசியில் அச்சடித்த அசிங்கமான படம். அந்தப் படத்தை வரைந்தவன் இதைப் பார்த்திருக்கவே மாட்டான் என்று தோன்றியது.

"என்னது அது, மசுரு மாதிரி?" பாலம்மாளின் குரல் காதுக்கு வெகு பக்கத்தில் கேட்டது. அவள் எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை.

"வேரு அத்தை. என் உடம்புல ஊனி ரத்தத்த உறிஞ்சுத வேரு. நஞ்சுக்கொடியா ஆகப் போறது இதுதான்."

"அப்ப புள்ள?"

"உள்ள."

அரை பிளேடால் பையின் மறுபக்கத்தில் மெதுவாகக் கீறினாள். தெளிந்த நீர் கசிந்தது. வெங்காயச் சருகைவிட மெல்லிய உள்தோல். பெருக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கழுவி, அதன் நுனியால் ஓரத்தை விலக்கினாள். பார்த்தாள். இன்னும் விலக்கினாள். பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பினாள்.

ஒன்றும் இல்லை.

"நல்லாப் பாருட்டி. அந்த மூலையில பாரு."

"பாத்துட்டேன்."

"கழுவயில விழுந்துருக்குமோ?"

"பை கிழியாம இருந்துச்சு அத்தை. நீங்களுந்தான பாத்தீக? நான்தான் கீறுனேன்."

இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். கடுகளவு, கசகசா அளவு, எதுவும் இல்லை. சுத்தமாகக் கூட்டி மெழுகி, ஆள் வராத வீடு மாதிரி இருந்தது அந்தப் பை. போன வாரம் பஸ்ஸில், பக்கத்து இருக்கை காலியாக இருந்த தைரியத்தில், இதோ மில்லு, இதோ கண்மாய், அது மேற்கு மலை என்று அழகுத்தாய் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். யாரிடம் சொன்னாள்? கேட்க அங்கே யாருமே இருந்திருக்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. ஆளில்லாமல் ஒரு பை இரண்டரை மாதம் எப்படி வளர்ந்தது, குமட்டலையும் புளிப்பு ஆசையையும் எப்படிக் கொடுத்தது என்ற கேள்விதான் வந்து நின்றது.

"கூமுட்டை," என்றாள் பாலம்மாள்.

"என்னது?"

"கூமுட்டைட்டி. பத்து முட்டை அடை வச்சா ரெண்டு அப்படிப் போகும்லா? வெளிய ஓடு நல்லாத்தான் இருக்கும். கோழியும் நேரத்துக்கு எந்திரிக்காம உக்காந்துதான் கெடக்கும். ஒடச்சா உள்ள ஒண்ணுமிருக்காது."

அழகுத்தாய்க்குச் சுள்ளென்றது. என்னுடையதைக் கூமுட்டை என்கிறாளா? பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கண் கிண்ணத்தில் இருந்தது. காலேஜிலும் அப்படித்தான். வகுப்புக்கு வாங்கின முட்டைகளில் சிலவற்றில் சன்னல் வெட்டினால் வெறும் மஞ்சள் கருதான் இருக்கும். வேறு முட்டை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். ஏன் என்று அன்றைக்கு அவளும் கேட்கவில்லை.

"ஆமா அத்தை. அதேதான்."

பாலம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "காசிக்கு முந்தி எனக்கு மூணு போச்சு. ஒண்ணையும் கண்ணுல காட்டல எங்க மாமியா. ஆம்பளைப் புள்ள, ஆம்பளைப் புள்ளன்னு மூணு தடவையும் சொல்லி மாரடிச்சா. மொதலுக்கு, நான் குடம் தூக்குனதாலன்னா. ரெண்டாவதுக்கு, கேக்காம மாட்டு வண்டியில புதுப்பட்டிக்கு எங்க ஆத்தாளப் பாக்கப் போனதாலன்னா. அதுக்குப் பொறவு ஆத்தா வீட்டுப் படியே ஏறவிடல. தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட விடல. மூணாவது போகும்போது நான் எங்கயும் போகல. இந்த வீட்டுக்குள்ளதான் கெடந்தேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? பழைய வண்டிக் குலுக்கல் இன்னும் உள்ள இருக்குன்னா."

அழகுத்தாய் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாத இடம். அடக்கமுடியாமல் வந்துவிட்டது. பாலம்மாள் முறைத்தாள். பிறகு அவளுக்கும் வாய் கோணிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதட்டி, ரத்தம் கூடும்," என்றாள்.

முழுதாக வந்துவிட்டதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புத்தண்ணீர், அதற்குள் அது. பாலம்மாள் அதைத் தன் கையில்தான் வைத்துக்கொள்வேன் என்றாள். மஞ்சள் பைக்குள் பாட்டிலோடு ஒரு இரும்பு ஆணியும் வேப்பிலையும் போனது. நாலு முக்கு ரோட்டைத் தாண்டும்போது ஆணியைக் கையில் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்ததை மாமியாரும், தனக்குத் தெரிந்ததை மருமகளும் விட்டுக்கொடுக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பையை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஊறுகாயா?"

"மருந்து," என்றாள் பாலம்மாள்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாலம்மாள் பையை மடியிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே குலுங்குனா என்ன அத்தை?"

"வாய மூடிட்டு வாட்டி."

மடவார்விளாகம் கோயில் கோபுரம் தெரிந்ததும் ஒரு கையால் கும்பிட்டாள். இன்னொரு கையில் பை அந்தரத்திலேயே இருந்தது.

டாக்டர் ஞானபாக்கியம் பாட்டிலை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கியால் இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"யாரு கீறுனது?"

"நான்தான்."

"உப்புத் தண்ணியில போடணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கோழிக்கருவுக்கு அப்படித்தான் செய்வோம். பி.எஸ்ஸி. விலங்கியல்."

டாக்டர் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு அவளைப் படுக்கவைத்துச் சோதித்தார். முழுதாக வந்துவிட்டது, கழுவிவிட வேண்டியதில்லை, சத்து மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார். அழகுத்தாய் எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்வதற்குள் பாலம்மாள் கேட்டுவிட்டாள்:

"டாக்டரம்மா, பஸ்ஸுல அலைஞ்சதுனாலயா இது?"

அழகுத்தாய் கொசுவத்தைப் பிடித்தபடியே நின்றாள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் காலையிலிருந்து எல்லாம்.

"பஸ்ஸுல போற பொம்பளைங்க யாரும் புள்ளை பெறலையா?" என்றார் டாக்டர். "இது எப்பவோ ஆரம்பத்துலயே நின்னுபோனது. உண்டாயிருக்குன்னு இவளுக்கே தெரியறதுக்கு முந்தி. பை மட்டும் தன்பாட்டுக்கு வளந்துருக்கு. இவ பஸ்ஸுல போனாலும் ஒண்ணுதான், பல்லக்குல போனாலும் ஒண்ணுதான்."

"ஏன் அப்படி ஆகுது டாக்டர்?" என்றாள் அழகுத்தாய்.

"விதை சேரும்போதே ஏதோ கோளாறு. பொம்பளையோடதா, ஆம்பளையோடதா, சேந்த நேரத்துல வந்ததா, தெரியாது. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரியாது."

தெரியாது. காலையிலிருந்து எத்தனை பேர் பேசிவிட்டார்கள், இந்த வார்த்தையைச் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்வரை வரவேண்டியிருந்தது. அழகுத்தாய்க்கு அந்த மூக்குக்கண்ணாடியையும் அதற்குப் பின்னால் இருந்த களைத்த முகத்தையும் மிகவும் பிடித்துப்போனது.

பாலம்மாள் நகரவில்லை. "எனக்கும் மூணு போச்சும்மா. ரொம்ப வருசம் முந்தி. அதுவும் இப்படித்தானா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்க விடல."

"பாக்காத ஒண்ண நான் எப்படிம்மா சொல்லுவேன்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பாலம்மாள் தலையாட்டினாள். மேஜையிலிருந்த தட்டைக் காட்டி, "அதத் தந்துருங்க," என்றாள். "என்னவா இருந்தாலும் எங்க வீட்டுது." டாக்டர் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது காசிராஜன் தறிக்கூடத்து வாசலிலேயே காத்திருந்தான். "என்னம்மா சொன்னாக? பஸ்ஸுதான?"

"பஸ்ஸு இல்லலே. விதை."

"விதையா?" அவன் ஒரு அடி பின்னால் போனான். "யாரு விதை?"

பாலம்மாள் மருமகளைப் பார்த்தாள். சொல்லேன் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

உன்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையைப் பற்றி இந்த ஜென்மத்தில் அவன் வாய் திறக்க மாட்டான். மதிலுக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதும் நிச்சயம். அந்த ஆசை அழகுத்தாய்க்கு உண்மையாகவே வந்தது. பஞ்சு ஒட்டின அவன் மீசை பயத்தில் லேசாகத் துடிப்பதைப் பார்த்தாள். பஸ் மேல் ஆதாரம் இல்லாமல் பழி போட்டார்களே என்று காலையெல்லாம் வெந்தவள், ஒரு மனுஷன் மேல் எப்படிப் போடுவது?

"ரெண்டு பேருல யாருதுன்னு தெரியாது. யாரு தப்பும் இல்ல," என்றாள். "பஸ்ஸு தப்பு இல்லங்கது மட்டும் தெரியும்."

"அப்ப வேலை?"

"போவேன்."

அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். "அம்மா, நீதான காலையில..."

"காலையில நான் பாக்கலலே. இப்பப் பாத்துட்டேன்." பாலம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழமை போகக் கூடாது. தீட்டு கழியட்டும். வியாழக்கிழமை போ."

"புதன்."

"சரி, புதன். வந்து வெளக்கப் பிடி."

கொல்லையில் இருட்டத் தொடங்கியிருந்தது. பாலம்மாள் குழியை முன்னைவிட ஆழமாகத் தோண்டினாள். அதைப் புதுத் துணியில் சுற்றுவதற்கு முன்னால் பாட்டிலைத் தூக்கி அரிக்கேன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளை நூல்கள் உப்புத்தண்ணீரில் இன்னும் விரிந்துதான் கிடந்தன.

"ஏட்டி, உள்ள ஒண்ணுமில்லன்னா இந்த வேரு எதுக்கு இம்புட்டு வளந்துச்சு? யாருக்குன்னு வளந்துச்சு?"

"அதுதான் அத்தை எனக்கும் தெரியல. ஸ்கூல் லைப்ரரியில தடியா ஒரு புத்தகம் இருக்கு. பாத்தாத் தெரியும்."

பாலம்மாள் பாட்டிலை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"மறந்துராத," என்றாள். "புதன்கிழமையே பாத்துட்டு வந்துரு."